பிழைச் செய்தியின் தோன்றா எழுவாய்



மொழி மன்றத்தின் மேடையில் கணினி நிரற்கூறு ஒன்றை நிறுவும் முறையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. நிறுவும் பணி தடைப்படும்போது கணினி வாளா இருப்பதில்லை. சில தொடர்களைத் திரையில் எழுதுகிறது. அத்தொடர்களைப் படித்துப் பொருள் கொள்பவர் மேலே செல்கிறார்; படியாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ஆகவே, பொறியியலுக்கு உரிய இப்பொருள் வாசிப்பைக் கற்பிக்கும் நமக்கும் உரியதாகிறது.

நம் மாணவர் இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே வளர்பவர். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழி வழியில் இயங்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார். சிங்கப்பூரில் ஆங்கில வழியே பாடங்களைப் பயின்று, தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்கிறார். கணினியின் பிழைச் செய்தியோ சுருங்கிய, துறைச்சொற்கள் செறிந்த ஓர் ஆங்கிலத்தில் வருகிறது. பல வரிகள் மளமளவென்று ஓடி நின்றதும், “இது எனக்கு வராது” என்று மடிக்கணினியை மூடிவிடும் மாணவரை ஆசிரியர் பலரும் அறிவர். அவ்வாறு ஒதுங்கியவர் பின்னர் அத்துறைக்கே திரும்பாமற் போவதுண்டு. அவரைத் திரும்ப அழைப்பதற்கு மொழியாசிரியரிடமும் ஒரு கருவி உண்டு. அஃது எது என்பதை ஓர் உண்மையான எடுத்துக்காட்டின் வழியே இன்று காண்போம்.

மூலத்திலிருந்து நிறுவுவது ஏன்?

ஒரு நிரல்மொழியோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்காகப் பிறர் எழுதி வழங்கும் நிரல் தொகுதியே நிரற்கூறு. வகுப்பறையில் இதனை ‘மாடியூல்’ என்றே வழங்குகிறோம். பெரும்பாலான நிரற்கூறுகள் இயங்கு நிலையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன; ஒரே கட்டளையில் அவற்றை நிறுவிவிடலாம். ஆயினும், நாம் பயன்படுத்தும் கணினிக்கு ஏற்ப எவரும் ஆயத்தம் செய்து வைக்காத நிரற்கூறுகளும் உண்டு. அவற்றை எழுதியவரின் மூல நிரலைத் தரவிறக்கி, நம் கணினியிலேயே உருவாக்கி நிறுவ வேண்டும்.

தமிழைக் கணினியில் கையாள்வோர்க்கு இத்தேவை அடிக்கடி எழும். 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால மின்னூல்கள் பல, தமிழில் யூனிகோடு பரவலாவதற்கு முன் வழங்கிய ‘டிஸ்கி’ என்னும் குறியேற்றத்தில் அமைந்தவை. அத்தகைய பழைய கோப்புகளைப் படிக்கவும் இன்றைய முறைக்கு மாற்றவும் உதவும் சிறு நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்துள்ளனர். பெரிய நிறுவனம் எதுவும் அவற்றை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவதில்லை. மூல நிரலிலிருந்து நிறுவத் தெரிந்தவருக்கு அவை பயன்படும். தெரியாதவருக்கு அவை இருந்தும் இல்லாதவையே.

நாம் இன்று எடுத்துக்கொள்ளும் மொழி ‘பெர்ல்’. இதனை 1987ஆம் ஆண்டு வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர் என்பது இந்த அவைக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். உலகெங்கும் உள்ள பெர்ல் நிரலாளர்கள் எழுதிய நிரற்கூறுகள், 1995ஆம் ஆண்டு முதல் ‘சிபான்’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று ‘எக்ஸ்.எம்.எல். பார்சர்’. எக்ஸ்.எம்.எல். குறியீட்டு முறையில் அமைந்த அகராதிகளையும் நூற்பதிப்புகளையும் பகுத்துப் படிக்க இஃது உதவுகிறது. ஆனால், அந்த வேலையை இது தனித்துச் செய்வதில்லை. ஜேம்ஸ் கிளார்க் என்பவர் சி மொழியில் எழுதிய ‘எக்ஸ்பாட்’ என்னும் நிரலகத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. நம் இடர்கள் பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்திலேயே தோன்றுகின்றன.

நிறுவுதற்கு நான்கு படிகள் உள்ளன. ‘பெர்ல் மேக்ஃபைல்.பி.எல்.’ என்னும் முதற் கட்டளை, நம் கணினியில் இருப்பவற்றை ஆராய்ந்து ஒரு வேலைத்திட்டத்தை எழுதும். ‘மேக்’ என்பது அத்திட்டப்படி உருவாக்கும். ‘மேக் டெஸ்ட்’ உருவானதைச் சோதிக்கும். ‘மேக் இன்ஸ்டால்’ உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். எந்தப் படியில் நின்றோம் என்று கூறத் தெரிந்தாலே இடரின் பாதி எல்லை வகுக்கப்பட்டுவிடும்.

பேசுபவர் யார்?

“நேற்று வந்தேன்” என்னும் தொடரில் ‘நான்’ என்னும் எழுவாய் வெளிப்படையாக இல்லை. வினைமுற்றின் விகுதியைக் கொண்டு அதனை உணர்கிறோம். இதனைத் தோன்றா எழுவாய் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கணினியின் பிழைச் செய்தியிலும் எழுவாய் பெரும்பாலும் தோன்றுவதில்லை. “அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை” என்று திரை கூறுகிறது. இல்லை என்று சொல்பவர் யார்? அவர் தேடிய பொருள் எது? எங்கே தேடினார்? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் தீர்வைத் தேடுவதே முறை.

நிறுவும் பணியின்போது திரையில் பேசுவோர் பலர். பெர்ல் பேசும், மேக் பேசும், சி நிரலை எந்திரமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பி பேசும், உருவான துண்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் இணைப்பி பேசும், கோப்புகளைக் காக்கும் இயங்குதளமும் பேசும். எல்லாம் ஒரே திரையில் வருவதால், ஒருவரே பேசுவதுபோல் தோன்றுகிறது. பல பாத்திரங்கள் பேசும் நாடகத்தைப் பெயர்களை நீக்கி அச்சிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே இதுவும் இருக்கிறது. பெயர்களை மீண்டும் இட்டுக்கொள்வது வாசகர் பொறுப்பாகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மேக் கட்டளை தோல்வியுறும்போது இறுதி வரியில் ‘மேக்’ என்னும் பெயரும், மூன்று உடுக்குறிகளும், ‘எரர் 2’ என்னும் சொல்லும் காணப்படும். மாணவர் பலர் இந்த வரியையே படியெடுத்து, “எரர் இரண்டு என்றால் என்ன?” என்று வினவுவர். இவ்வரியைப் பேசுபவர் மேக். அவர் ஒரு மேற்பார்வையாளர். தாம் ஏவிய பணியாள் தோல்வியுடன் திரும்பினார் என்பதைமட்டுமே அவர் அறிவிக்கிறார். காரணத்தை அவர் அறியார். எக்ஸ்.எம்.எல். பார்சரில் எக்ஸ்பாட் தொடர்பான பகுதி தனிக் கோப்புறையில் இருப்பதால், உள்ளே ஒரு மேக்கும் வெளியே ஒரு மேக்கும் இயங்குகின்றன. உள்ளிருப்பவர் ‘எரர் 1’ என்கிறார்; அதனைக் கேட்ட வெளியிலிருப்பவர் ‘எரர் 2’ என்கிறார். காரணத்தை அறிந்த தொகுப்பியின் வரி இவ்விரண்டுக்கும் மேலே இருக்கிறது. ஆகவே, கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிச் சென்று, முதன்முதலில் குறை கூறியவரைக் கண்டறிய வேண்டும். வரிகள் மிகுதியாக ஓடினால், திரையில் வருவதைக் கோப்பிலும் பதிந்து வைக்கும் ‘டீ’ என்னும் கட்டளையைப் பயன்படுத்தலாம். பிறகு அமைதியாக அமர்ந்து படிக்கலாம்.

தேடிய பொருள் எது?

எக்ஸ்பாட் கிடைக்காதபோது முதற்படியிலேயே பெர்ல் ஒரு செய்தியைத் தருகிறது. எக்ஸ்.எம்.எல். பார்சரை உருவாக்குவதற்கு முன் எக்ஸ்பாட் நிறுவப்பட்டிருக்க வேண்டும். வழக்கமான நிரலகக் கோப்புறைகளில் அது காணப்படவில்லை என்பது அதன் கருத்து. மாணவர் தம் கணினியைச் சோதிக்கிறார். எக்ஸ்பாட் அங்கே இருக்கிறது. மற்ற மென்பொருள்கள் அதனைப் பயன்படுத்திக்கொண்டும் இருக்கின்றன. “இருப்பதை இல்லை என்கிறதே” என்று கணினியின்மேல் சினம் எழுகிறது.

செய்தியில் பொய் இல்லை. ஒரு நூலகத்தில் நூல்கள் உள்ளன. நூற்பட்டியல் இல்லை என்று கொள்வோம். ஏற்கெனவே நூலிருக்கும் இடத்தை அறிந்தவர் எடுத்துப் படிக்கலாம். புதிதாக ஒரு பாடத்திட்டம் எழுத வருபவருக்கோ எந்தெந்த நூல் உண்டு என்னும் பட்டியல் வேண்டும். நிரலகத்துக்கும் அத்தகைய பட்டியல் உண்டு. அதில் எந்தச் செயற்கூறுகள் உள்ளன, அவற்றை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதைக் கூறும் தலைப்புக் கோப்பே அது. எக்ஸ்பாட்டுக்கு உரியது ‘எக்ஸ்பாட்.எச்.’. இயங்கும் நிரலகத்தையும் இந்தத் தலைப்புக் கோப்பையும் லினக்ஸ் இயங்குதளங்கள் தனித்தனிப் பொதிகளாக வழங்குகின்றன. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் முன்னதன் பெயர் ‘லிப்எக்ஸ்பாட்1’. பின்னதன் பெயர் இறுதியில் ‘டெவ்’ என்னும் ஒட்டினைப் பெறும். ஃபெடோராவில் அவ்வொட்டு ‘டெவல்’ ஆகும். சமைப்பவருக்கு மட்டும் வேண்டிய பாத்திரங்களை விருந்தினர் வீட்டுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம் என்னும் சிக்கனமே இப்பிரிவினைக்குக் காரணம். ஆக, இல்லாதது எக்ஸ்பாட்டின் தலைப்புக் கோப்பு. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்ட மாணவர், பெர்லில் மட்டுமன்றிப் பைத்தானிலும் ரூபியிலும் இதே இடரைத் தாமே தீர்ப்பார்.

இதனை முன்கூட்டியே ஆராயாத நிரற்கூறுகளில், இக்குறை இரண்டாம் படியில் தொகுப்பியின் வாய்மொழியாக வெளிப்படும். தலைப்புக் கோப்பு இருந்து நிரலகம் இல்லையாயின், இணைப்பி பேசும். அச்செய்தியில் ஒரு சொல்லமைப்பு கவனத்திற்குரியது. ஒரு சிறு கோடும், ‘எல்’ என்னும் எழுத்தும், அதனையடுத்து ‘எக்ஸ்பாட்’ என்னும் பெயரும் ஒட்டி வரும். அறியாதவர் ‘லெக்ஸ்பாட்’ என்றொரு பொருளைத் தேடி அலைவார். அப்படியொன்று உலகில் இல்லை. அங்குள்ள ‘எல்’, பெயரோடு ஒட்டி வரும் உருபு போன்றது. பின்வருவது நிரலகத்தின் பெயர் என்று உணர்த்துவதே அதன் பணி. ‘மரத்தை’ என்பதிலிருந்து வேற்றுமை உருபைப் பிரித்தெடுக்கத் தெரிந்த நம் மாணவர்க்கு, இதைப் பிரிப்பது அரிதன்று.

எங்கே தேடினார்?

மூன்றாம் வினா இடத்தைப் பற்றியது. நிறுவி முடித்தபின்னும், நாம் எழுதிய நிரலை இயக்கும்போது, “எக்ஸ்.எம்.எல். பார்சரைக் கண்டறிய இயலவில்லை” என்று பெர்ல் கூறுவதுண்டு. அச்செய்தியின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் நீண்ட கோப்புறைப் பட்டியல் ஒன்று இருக்கும். நீளத்தைக் கண்டு அஞ்சிப் பலர் அதனைத் தாண்டிச் செல்வர். ஆனால், “நான் தேடிய இடங்கள் இவை” என்று பெர்ல் அளிக்கும் வாக்குமூலம் அதுவே. ‘ஐ.என்.சி.’ என்பது அப்பட்டியலின் பெயர். நிறுவும்போது கோப்பு வைக்கப்பட்ட இடம் இப்பட்டியலில் உண்டா என்று ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும்.

இடம் மாறுவதற்குப் பொதுவான காரணம், ஒரே கணினியில் இரண்டு பெர்ல்கள் இருப்பதாகும். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று. பயனர் பின்னர் நிறுவியது மற்றொன்று. ஒன்றினைக் கொண்டு நிறுவிவிட்டு மற்றொன்றினைக் கொண்டு இயக்கினால், வீட்டில் வைத்த பொருளை அடுத்த வீட்டில் தேடுவது போலாகும். ‘விச் பெர்ல்’ என்னும் கட்டளை, எந்தப் பெர்ல் இயங்குகிறது என்பதைக் காட்டும்.

இடத்தைப் பற்றிய மற்றொரு நிகழ்வு 2017ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த பெர்ல் 5.26, தான் தேடும் பட்டியலிலிருந்து ‘இப்போதிருக்கும் கோப்புறை’ என்பதை நீக்கியது. பிறரும் எழுதக்கூடிய ஒரு கோப்புறையில் நாம் நின்றுகொண்டு நிரலை இயக்கினால், தீயோர் அங்கே வைத்த கோப்பைப் பெர்ல் எடுத்து இயக்கிவிடக்கூடும் என்பது காரணம். பாதுகாப்பு கூடியது; ஆனால், பல பழைய நிரற்கூறுகள் முதற்படியிலேயே நின்றன. தமக்குத் துணையாகும் கோப்புகளை அவை தம் கோப்புறைக்குள்ளேயே சுமந்து வந்தன. கோப்பு கண்முன்னே இருக்க, கண்டறிய இயலவில்லை என்றது பெர்ல். “நிறுவ வேண்டியிருக்கலாம்” என்னும் குறிப்பும் செய்தியோடு சேர்ந்து வந்தது.

இங்கே இரண்டு வகைத் தொடர்கள் கலந்திருப்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டும். “கண்டறிய இயலவில்லை, தேடிய இடங்கள் இவை” என்பது நிகழ்ந்ததைக் கூறும் செய்தி. “நிறுவ வேண்டியிருக்கலாம்” என்பது ஊகம். செய்தியை நம்பலாம், ஊகத்தை ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டும். தேடிய இடங்களின் பட்டியலைப் படித்தவர், அதில் இப்போதைய கோப்புறை இல்லாமையைக் காண்பார். நம்பத்தகுந்த ஒரு பழைய நிரற்கூற்றை உருவாக்கும் அந்தப் பொழுதுக்கு மட்டும், ‘பெர்ல் யூஸ் அன்சேஃப் ஐ.என்.சி.’ என்னும் சூழல் மாறிக்கு 1 என்னும் மதிப்பைத் தந்தால் பழைய வழக்கம் திரும்பும். ‘அன்சேஃப்’, அதாவது பாதுகாப்பற்றது, என்னும் சொல்லைப் பெயரிலேயே வைத்திருப்பது, அதனை நிலையாக விட்டுவிடலாகாது என்பதற்காகவே.

அதிகாரத்தால் தீர்வதும் தீராததும்

நான்காம் படியில் இயங்குதளம் பேசும். “அனுமதி மறுக்கப்பட்டது” என்பது அதன் சொல். எல்லார்க்கும் பொதுவான கோப்புறையில் எழுதுதற்குக் கணினி மேலாளரின் அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரத்தைத் தரும் கட்டளை ‘சூடோ’. தடை எதுவாயினும் சூடோவைச் சேர்த்து மீண்டும் முயல்வது பரவிவரும் ஒரு பழக்கம். தலைப்புக் கோப்பு இல்லாத குறையை அதிகாரம் நிரப்பாது. மாறாக, இரண்டாம் படியிலேயே சூடோவைப் பயன்படுத்தினால், உருவாகும் கோப்புகள் மேலாளருக்கு உரியவையாகிவிடும். பின்னர் நம் கோப்புறையிலேயே நமக்கு அனுமதி மறுக்கப்படும். இன்னும் ஒரு தீங்கு உண்டு. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய கட்டளையைப் பொருள் அறியாமல் முழு அதிகாரத்துடன் இயக்குவது, படிக்காத பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும்.

பள்ளிக் கணினிகளில் மாணவர்க்கு மேலாளர் அதிகாரம் இராது, இருக்கவும் வேண்டியதில்லை. முதற்படியில் ‘இன்ஸ்டால் பேஸ்’ என்னும் குறிப்பின்வழித் தம் சொந்தக் கோப்புறையை நிறுவும் இடமாகச் சுட்டலாம். பிறகு அவ்விடத்திலுள்ள நிரற்கூற்றுக் கோப்புறையைப் ‘பெர்ல்5லிப்’ என்னும் சூழல் மாறியில் எழுதித் தேடும் பட்டியலில் சேர்க்கலாம். தம் எல்லைக்குள் தாமே நிறுவிக்கொள்ளும் இம்முறை பிறர்க்கு இடையூறு செய்யாது.

சோதனைப் படியைத் தாண்டிக் குதிப்பதும் நன்றன்று. தோல்வியுற்ற சோதனையின் கோப்புப் பெயரையும் எண்ணையும் ‘மேக் டெஸ்ட்’ இறுதியில் தொகுத்துத் தருகிறது. அந்த ஒரு சோதனையை மட்டும் ‘புரூவ்’ என்னும் கட்டளையால் விரிவாக இயக்கிப் பார்க்கலாம். இணையத்தை நாடும் சோதனை, பள்ளி வலையமைப்பின் தடையால் தோற்றிருந்தால், நிரற்கூற்றில் குறையில்லை எனக் கொள்ளலாம். எழுத்துகளைக் கையாளும் சோதனை தோற்றிருந்தால், தமிழ் உரையைக் கையாள்வோர் அதனைப் புறக்கணிக்கலாகாது. எது தோற்றது என்று படித்தபின் எடுக்கும் முடிவே முடிவு. படிக்குமுன் வலிந்து நிறுவுவது முடிவாகாது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியப் பெருமக்களே, இதனைக் கற்பிக்க நீங்கள் பெர்ல் வல்லுநராக இருக்க வேண்டுவதில்லை. மாணவர் ஒரு பிழைச் செய்தியோடு வரும்போது, விடையை உடனே கூறாமல் நான்கு வரிகளை எழுதச் சொல்லுங்கள். எந்தப் படியில் நின்றது? பேசுபவர் யார்? தேடியது எது? தேடிய இடம் எது? இவற்றைத் தமிழில், முழுத் தொடர்களாக எழுதட்டும். “மேக் கட்டளையை இயக்கியபோது, சி தொகுப்பி எக்ஸ்பாட்.எச். என்னும் தலைப்புக் கோப்பைத் தனக்குத் தெரிந்த கோப்புறைகளில் தேடிக் காணாமல் நின்றது” என்று ஒரு மாணவர் எழுதிவிட்டால், தீர்வில் பெரும்பகுதியை அவரே எழுதிவிட்டார். எழுவாயை இட்டு நிரப்பாமல் அவரால் அத்தொடரை எழுதி முடிக்க இயலாது. தமிழில் எழுதச் சொல்வதன் பயன் அதுவே. ஆங்கிலச் செய்தியை அப்படியே படியெடுக்கும்போது, பொருள் விளங்காமலே கடந்துவிடலாம். தம் மொழியில் கூறும்போது அது முடியாது.

மாணவச் செல்வங்களே, பிறரிடம் உதவி நாடுவதில் இழுக்கு இல்லை. ஆனால், “வேலை செய்யவில்லை” என்று மட்டும் கூறினால், கேட்பவர் உதவ வழியில்லை. இயக்கிய கட்டளை, முதலில் தோன்றிய பிழை வரி, இயங்குதளத்தின் பெயர், பெர்லின் பதிப்பு எண், நிரற்கூற்றின் பதிப்பு எண் ஆகிய ஐந்தையும் சேர்த்துக் கேளுங்கள். பலமுறை, இந்த ஐந்தையும் எழுதி முடிக்குமுன்னரே விடை உங்களுக்குப் புலப்பட்டுவிடும். கிடைத்த தீர்வையும் இரண்டு வரிகளில் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் மாணவர்க்கு அது பயன்படும்.

பிழைச் செய்தி நம்மைக் கடிந்துகொள்ளும் குரல் அன்று. எழுதியவர் ஒருவர், தம்மை அறியாத ஒரு வாசகர்க்குத் தம்மால் இயன்றவரை எழுதி வைத்த குறிப்பு அது. அதில் எழுவாய் மறைந்திருக்கலாம். இடம் நீண்ட பட்டியலுக்குள் புதைந்திருக்கலாம். அவற்றை மீட்டெடுக்கும் பயிற்சியை நம் இலக்கண வகுப்புகள் நெடுங்காலமாக அளித்துவருகின்றன. அப்பயிற்சி தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், மாணவரின் மடிக்கணினி வரைக்கும் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.